சியருக்குக் ‘கொண்டி’ போதாதா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

நம் கலைச்சொல் குழுவில், விசையை (டிரிகர்) இழுக்கும்வரை வில்லின் பாரத்தைப் பிடித்து நிறுத்தும், துப்பாக்கியின் ‘சியர்’ (sear) என்னும் உறுப்புக்கு ஈரோட்டு ஐயா ‘தடுப்பு நெம்பி’ என்று சொன்னதையும், பொள்ளாச்சி அம்மையார் அதைப் ‘பற்றுநா’ என்று திருத்தியதையும் படித்தேன். இரண்டிலும் பொருள் இருக்கிறது. ஆனால் பட்டறையில் நிற்கிறவன் வாயில் இரண்டும் நுழையா. கோவை கணபதிப் பகுதியில் நெடுங்காலமாக லேத் ஓட்டுகிறவன் என்ற முறையில், சென்ற மாதம் என் மேசைக்கு வந்த ஒரு காற்றுத் துப்பாக்கியை வைத்தே என் கருத்தைச் சொல்கிறேன்.

கொண்டுவந்தவர் பத்து மீட்டர் போட்டிக்குப் பயிற்சி எடுக்கும் இளைஞர். குழாயை மடக்கிச் சுருள்வில்லை இறுக்கும் பழைய வகைத் துப்பாக்கி அது. விசை கனமாக இருக்கிறதென்று உள்ளுறுப்புகளை வீட்டிலேயே இரும்புத் தகட்டில் அறுத்து, அரம் போட்டு, மாற்றிப் பொருத்தியிருந்தார். “குழாயைச் சாத்தினாலே தானா சுட்டுருதுங்ணா” என்றார். (வெடிமருந்துத் துப்பாக்கியை உரிமமின்றிச் செய்வது 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம் என்பதை அவருக்கும் சொன்னேன், இங்கும் சொல்லி வைக்கிறேன்.)

இந்தத் ‘தானாக’ என்னும் சொல்தான் என்னை உறுத்துகிறது. எந்தப் பொறியும் தானாகச் சுடுவதில்லை. எங்கோ ஒரு பிடி விட்டிருக்கிறது. சியரைக் கழற்றித் துடைத்து, தொடும் முகத்தில், எங்கே படுகிறதென்று காட்டும் மார்க்கிங் நீலம் தடவி, வில்லின் அழுத்தம் இல்லாமல் ஒருமுறை பொருத்தி எடுத்துப் பார்த்தேன். முகம் முழுவதும் அழிந்திருக்க வேண்டிய நீலம் இடது மூலையில் எள்ளளவு மட்டும் அழிந்திருந்தது. அதாவது, விரைத்து நின்ற வில்லின் பாரம் முழுவதையும் அந்த எள்ளளவு இடம் தாங்கியிருக்கிறது. பூதக்கண்ணாடி வழியே பார்க்கையில் கூராக இருக்க வேண்டிய விளிம்பு, பல காலம் பாக்கு வெட்டித் தேய்ந்த பாக்குவெட்டியின் வாய்போல் மழுங்கி மினுங்கியது. அரத்தை ஓரத்தில் வைத்து இழுத்தேன். கடினப்படுத்திய எஃகாக இருந்தால் வழுக்கியிருக்கும், இதுவோ வெண்ணெயாகக் கடிபட்டது. மென்மையான இரும்பு, கோணம் தவறிய முகம், குறைந்த பிடி ஆகிய மூன்றும் சேர்ந்துவிட்டால் குழாயைச் சாத்தும் அதிர்வே போதும். குழாய் மடங்கியிருக்கும்போதே பிடி விட்டிருந்தால், பாரம் கழன்ற ஏற்றத்துலா போலக் குழாய் எகிறி அவர் விரலை நசுக்கியிருக்கும். அரம் போட்டுச் சரிசெய்யக் கேட்டார், மறுத்துவிட்டேன். தொழிற்சாலையில் செய்த உறுப்பை வாங்கிப் பொருத்தும்வரை வில்லைத் தளர்த்தியே வைக்கச் சொல்லி அனுப்பினேன்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். ஆங்கிலச் சொல்லே பழைய பிரெஞ்சு மொழியில் பூட்டு, பிடி என்ற பொருளுடைய சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்வர். நம் வீட்டுக் கதவில் அதே வேலையைச் செய்வது கொண்டி. அது போய் விழும் இடம் நாதாங்கி. வில் தள்ளும் உந்துதண்டில் உள்ள பள்ளத்தை ‘நாதாங்கி’ என்றும், அதில் விழுந்து பிடிக்கும் அசையும் உறுப்பைக் ‘கொண்டி’ என்றும் கொண்டால், எங்கள் பக்கத்துப் பையன் எவனுக்கும் விளக்கவுரை வேண்டியதில்லை. முதலில் நான் சியரையே நாதாங்கி என்று அழைக்க நினைத்தேன். ஆனால் நாதாங்கி அசையாமல் நிற்பது, சியரோ அசைவது, ஆகவே கைவிட்டேன். இரண்டும் ஒன்றோடொன்று கவ்வியிருக்கும் அளவு ‘கொண்டிப்பிடி’. அந்த இளைஞரின் துப்பாக்கியில் நேர்ந்தது ‘கொண்டி நழுவல்’.

‘டிரிகர்’ என்பதற்கு ‘விசை’ நிலைத்துவிட்டது, மாற்ற வேண்டாம். ஆனால் பள்ளி இயற்பியலில் விசை வேறொன்று ஆகிவிட்டதால், ‘விசையின் விசை’ என்று எழுத நேரிடும் நகைப்பைத் தவிர்க்க, அதை இழுக்கத் தேவைப்படும் பாரத்தை ‘இழுப்பு எடை’ என்னலாம். துப்பாக்கி சுடுவோர் அதைக் கிராமிலேயே பேசுகிறார்கள். பத்து மீட்டர் கைத்துப்பாக்கிப் போட்டியில் அது 500 கிராமுக்குக் குறையக் கூடாது, அதே தொலைவு ரைஃபிளுக்கு அப்படிக் கீழ்வரம்பு இல்லை. அந்த இளைஞரை அரம் எடுக்கத் தூண்டியதும் இந்தச் சுதந்திரம்தான். ‘குதிரை’ என்னும் பழஞ்சொல் சிலருக்கு விசையையும் சிலருக்குச் சுடும் ஊசியை அடிக்கும் சுத்தியலையும் குறிப்பதால் கோளாறு பேசுமிடத்தில் ஆகாது.

எல்லாவற்றையும் கொண்டி நழுவலில் அடக்கவும் கூடாது. எஸ்.கே.எஸ். என்னும் பழைய சோவியத் இராணுவ வகை ரைஃபிள்கள் பெரும்பாலானவற்றில் சுடும் ஊசி வில்லின்றித் தளர்வாக இருக்கும். துருப்பிடிக்காமல் பூசிய காப்பு மசகு இறுகி ஊசி முன்னே ஒட்டிக்கொண்டால், தோட்டாவைத் தள்ளிக்கொண்டு குழாயின் பின்வாய்ப் பூட்டு (போல்ட்) மூடும்போதே வெடித்துவிடும். கொண்டிக்கு அங்கே பங்கே இல்லை. அதற்கு ‘மூடுவெடி’ என்பேன். கீழே விழுந்த அதிர்ச்சியில் சுடுவது ‘வீழ்வெடி’. ஒரே இழுப்பில் இருமுறை சுடுவதற்கு ‘இரட்டிப்பு’ போதும். அமெரிக்காவில் 2014-இல் ரெமிங்டன் 700 ரைஃபிளின் ஒருவகை விசையமைப்பு திரும்பப் பெறப்பட்டபோது சொல்லப்பட்ட காரணம், பொருத்துகையில் இட்ட ஒட்டுப்பசை மிகுந்துபோனது என்பதே. வெளியே நிற்பவருக்கு இவை எல்லாமே ‘தானாகச் சுடுதல்’தான்.

ஈரோட்டு ஐயா ‘சேஃப்டி’ என்னும் பொத்தானுக்குக் ‘காப்புப் பூட்டு’ என்று எழுதியிருந்தார். இதில் மட்டும் அவரோடு உறுதியாக மாறுபடுகிறேன். பல துப்பாக்கிகளில் அந்தப் பொத்தான் விசையை மட்டுமே தடுக்கிறது; கொண்டியைத் தாங்குவதில்லை. பிடி தேய்ந்த துப்பாக்கியில் அதைப் போட்டு வைத்தாலும் கொண்டி நழுவும். காப்பு என்று பெயர் வைத்துவிட்டால் அதை நம்பிக் குழாயை ஆள் பக்கம் திருப்புவார்கள். அது செய்வதை மட்டும் சொல்லும் ‘விசைத்தடை’ என்பதை முன்வைக்கிறேன். கொண்டியையும் சேர்த்துப் பிடிக்கும் வகைக்குக் ‘கொண்டித்தடை’ என்று தனியே வேண்டும். இந்த இரண்டையும் பிரிப்பதில் பொள்ளாச்சி அம்மையாரின் கருத்தை அறிய விரும்புகிறேன்.