பழைய ஹரிக்கேன் கிட்: புடைத்த கோடுகளை இழைத்துவிட்டுப் புதிதாகக் கீற வேண்டுமா?

கேள்வி (சீனக்குடா):

அனைவருக்கும் வணக்கம். பெரியப்பாவின் அலுமாரியை ஒழுங்குபடுத்தியபோது, 1970களில் பிரித்தானிய நிறுவனம் ஒன்று வார்த்த, 1/72 அளவிலான ஹாக்கர் ஹரிக்கேன் போர்விமான மாதிரிக் கிட் ஒன்று பிரிக்கப்படாமலே கிடைத்தது. நான் திருகோணமலையில் வசிப்பவன். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்த விமானங்கள் எங்கள் துறைமுகத்தைத் தாக்கியபோது, சீனக்குடா விமானத்தளத்திலிருந்து எழுந்து எதிர்த்தவை பிரித்தானிய விமானப்படையின் 261ஆம் ஸ்குவாட்ரனின் ஹரிக்கேன்கள். அவற்றில் ஒன்றை இந்தக் கிட்டிலிருந்து செய்ய வேண்டும் என்பது என் விருப்பம்.

தகடுகள் சேரும் கோடுகள் யாவும் புடைத்திருக்கின்றன. விமானி அறையில் ஓர் இருக்கையும் ஒரு பொம்மையும் மட்டுமே உள்ளன. இறக்கையின் பின்விளிம்பு மிகத் தடிப்பாக இருக்கிறது, நீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள் கொண்ட டெக்கால் தாளும் மஞ்சளாகிவிட்டது. புடைத்த கோடுகளை இழைத்து நீக்கிவிட்டுக் குழிந்த கோடுகளைக் கீறாமல் பழைய கிட்டைக் கட்டுவதில் பயனில்லை என்று சிலர் சொல்கிறார்கள். அது உண்மையா? எங்கிருந்து தொடங்குவது?

பதில் 1 (இழைப்புளி):

கத்தியைக் கையில் எடுப்பதற்கு முன்பு, ஹரிக்கேனின் எந்தப் பகுதி உலோகம், எந்தப் பகுதி துணி என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். விமானி அறைக்குப் பின்னாலுள்ள உடற்பகுதி உலோகக் குழாய்ச் சட்டகத்தின் மேல் மரச் சட்டங்களை அடுக்கி, அவற்றின் மேல் துணியை இழுத்துக் கட்டி, டோப் என்னும் துணியை இறுக்கும் பூச்சைப் பூசி இறுக்கியது. அங்கே தகடும் இல்லை, தகட்டுக் கோடும் இல்லை. சுக்கான், உயர்த்திகள், இறக்கை முனைகளில் அசையும் பலகைகள் ஆகியவையும் துணி போர்த்தியவையே. தொடக்கத்தில் இறக்கைகளுக்கும் துணிதான் போர்த்தினார்கள். நீங்கள் செய்யும் காலத்து விமானங்களில் அது உலோகத் தோல். ஆகவே கீறுவதானால் மூக்குப் பகுதியிலும் இறக்கைகளிலும் மட்டுமே கீற வேண்டும். துணிப் பகுதியில் பழைய கிட்கள் பெரும்பாலும் மரச் சட்டங்களின் வரிகளை மிகையாகவே காட்டும். அவற்றை 600 எண் உப்புத்தாளால் நீர் தொட்டு மெதுவாகத் தேய்த்து, விரல் உணரும் ஆனால் கண் தேட வேண்டிய அளவுக்குத் தணித்துவிடுங்கள். பல மாதிரிகளில் ஹரிக்கேனின் முகமே இந்த இடத்தில்தான் கெட்டுப்போகிறது என்பது என் அனுபவம்.

கீறும் முறை இது. புடைத்த கோட்டை முழுவதும் அழித்துவிடாதீர்கள். அதன் தடம் மங்கலாகத் தெரியும்வரை மட்டும் இழையுங்கள். அந்தத் தடத்தின் ஓரமாகப் பெயர் பொறிக்கும் தடித்த டைமோ நாடாவை ஒட்டி, கைப்பிடியில் பொருத்திய ஊசியால், அழுத்தமே இல்லாமல் மூன்று நான்கு முறை ஒரே திசையில் இழுங்கள். முதல் இழுப்பிலேயே ஆழம் வேண்டும் என்று அழுத்தினால் ஊசி பக்கவாட்டில் ஓடிவிடும். அப்படி ஓடிய இடத்தைப் புட்டியால் நிரப்பாமல் சூப்பர் க்ளூவால் நிரப்புங்கள். புட்டி பிளாஸ்டிக்கைவிட மென்மையானது என்பதால், மறுபடி கீறும்போது ஊசி அங்கேயே மீண்டும் வழுக்கும்.

பதில் 2 (அரைமில்லி):

மேலே நண்பர் துணியைப் பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் கீறுவது கட்டாயம் என்று எண்ண வேண்டாம். 0.2 மி.மீ. அகலமுள்ள ஒரு கீறலை 72ஆல் பெருக்கினால் உண்மை விமானத்தில் அது ஏறத்தாழ 14 மி.மீ. இடைவெளி ஆகும். அத்தகைய பள்ளங்களோடு எந்தப் போர்விமானமும் பறக்கவில்லை. மெல்லியதாக இழைக்கப்பட்ட புடைத்த கோடு, வண்ணத்தின் கீழே, இந்த அளவில் கண்ணுக்கு நேர்மையாகவே தோன்றுகிறது.

அந்த உழைப்பைப் பின்விளிம்புக்குக் கொடுங்கள். அங்கே 0.7 மி.மீ. தடிப்பு இருந்தால் அது உண்மையில் 5 செ.மீ. தடித்த பலகைக்குச் சமம். இறக்கையின் மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் ஒட்டுவதற்கு முன்பே, கண்ணாடித் தகட்டின் மேல் விரித்த 400 எண் உப்புத்தாளில், கீழ்ப்பாதியின் உட்புறப் பின்விளிம்பைத் தேய்த்து மெலிதாக்குங்கள். வெளிப்புறத்தைத் தொடாததால் மேற்பரப்பு விவரம் கெடாது. ஒரு மாலைப் பொழுதில் முடியும் இந்த ஒரு வேலையிலேயே கிட்டின் வயது இருபது ஆண்டு குறைந்துவிடும்.

விமானி அறைக்கு ஒரு குறிப்பு. ஹரிக்கேனில் முழுமையான தரை கிடையாது. விமானியின் குதிகால்களுக்கு இரண்டு தடங்கள் மட்டுமே உண்டு, பக்கங்களில் குழாய்ச் சட்டகம் வெளிப்படையாகத் தெரியும். ஆகவே கிட்டில் தட்டையான தரை இருந்தால் அதை வெட்டி எடுத்துவிட்டு, கிட்டின் பாகங்களைப் பிடித்திருந்த கழிவுச் சட்டத்தை மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே காட்டி இழுத்த மெல்லிய கம்பியால் சட்டகம் அமையுங்கள். இருக்கைப் பட்டிகளுக்கு மாத்திரை அட்டையின் அலுமினியத் தாள் போதும்.

பதில் 3 (பழையபெட்டி):

டெக்காலைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். தாளைத் தெளிவான பிளாஸ்டிக் உறையில் இட்டு, வெயில் விழும் சன்னல் கண்ணாடியில் சில வாரங்கள் ஒட்டிவைத்தால் மஞ்சள் பெருமளவு வெளுக்கும். நீரில் இடுவதற்கு முன்பு தாள் முழுவதும் தெளிவான வார்னிஷை மெல்லிதாகத் தெளித்து உலரவிடுங்கள், இல்லையேல் பழைய படலம் நீரில் துண்டு துண்டாக உடையும். முதலில் தேவையற்ற ஓர் எழுத்தை நனைத்துச் சோதித்துப் பாருங்கள்.

விமானப்படையின் அடையாளமான வட்டச் சின்னங்களில் கவனம் தேவை. மெல்லிய வெள்ளை வளையமும் மெல்லிய மஞ்சள் ஓரமும் கொண்ட வடிவம் 1942 மே மாதத்திற்குப் பின்னரே வந்தது. உங்களுக்கு வேண்டியது ஏப்ரல் மாதத்து விமானம் என்பதால், உடற்பகுதியில் சம அகல வளையங்கள் கொண்ட முந்தைய வடிவமே பொருந்தும். சிவப்பை நீக்கிய தென்கிழக்காசியச் சின்னம் அதற்கும் பிந்தையது.

துப்பாக்கிகளையும் எண்ணிப் பாருங்கள். முதல் வகை ஹரிக்கேனுக்கு எட்டு, இரண்டாம் பி வகைக்குப் பன்னிரண்டு. கூடுதலான நான்கும் இறங்குவிளக்குகளுக்கு வெளிப்புறமாக, ஒவ்வோர் இறக்கையிலும் இரண்டாக அமைந்தவை. அந்த ஆண்டு இலங்கையில் இரு வகைகளும் இருந்தன. இரண்டாம் வகையின் மூக்கும் சற்று நீளமானது. ஆகவே ஒரு குறிப்பிட்ட விமானத்தின் புகைப்படத்தைத் தேர்ந்தெடுத்து, மூக்கின் கீழே வோக்ஸ் தூசி வடிகட்டி இருக்கிறதா என்பதையும் பார்த்த பின்னரே உடற்பகுதியை ஒட்டுங்கள்.

சீனக்குடா:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கீறுவதைக் கைவிட்டு, பின்விளிம்பிலும் துணிப் பகுதியிலும் முதலில் கை வைக்கிறேன். டெக்கால் தாளை இன்று காலையே கிழக்குச் சன்னலில் ஒட்டிவிட்டேன். ஒரே ஓர் ஐயம்: துப்பாக்கித் துளைகளைத் திறந்து காட்ட வேண்டுமா?

இழைப்புளி:

பறப்பதற்கு ஆயத்தமாக நிற்கும் விமானமானால் வேண்டாம். தூசியும் ஈரமும் புகாதிருக்க, சுடுவதற்கு முன்பு துளைகளைத் துணித் துண்டால் மூடி டோப் பூசிவைப்பார்கள். அவை பெரும்பாலும் சிவப்பாகத் தெரியும். இறக்கையின் முன்விளிம்பில் சிவப்பு வண்ணமிட்ட டெக்கால் துண்டுகளை ஒட்டிவிடுங்கள். போரிட்டுத் திரும்பிய விமானமாகக் காட்ட விரும்பினால் மட்டும் 0.4 மி.மீ. துளைக்கோலால் துளையிட்டு, சுற்றிலும் கிழிந்த சிவப்பு ஓரமும், இறக்கையின் அடியில் பின்னோக்கிப் படிந்த புகைக் கறையும் வையுங்கள்.