மூணே வரியில் பெர்மிஷன் முடிஞ்சுதாம்!

நைட்ஷிஃப்ட்:
வெள்ளிக்கிழமை ஸ்கிரிப்ட்சேகர் போட்ட பதிவைப் படிச்சதுலேர்ந்து வயித்தெரிச்சல் அடங்கல. "போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல யூசர் அக்சஸ் (யார் எதைப் பாக்கலாம்ங்கிற உரிமை) மொத்தத்தையும் ஆட்டோமேட் பண்ணியாச்சு. மூணே வரி. ஸ்கீமாவுக்கு (டேபிள்களை அடக்கி வெக்கிற பிரிவு) யூசேஜ்னு நுழையுற உரிமை, இருக்கிற டேபிளுக்கெல்லாம் செலக்ட்னு படிக்கிற உரிமை, வரப்போற டேபிளுக்கு ஆல்டர் டீஃபால்ட் பிரிவிலேஜஸ். இனிமே டிக்கெட் போட்டு டிபிஏ (டேட்டாபேஸ் அட்மின்) வாசல்ல நிக்க வேண்டாம்"னு எழுதியிருந்தார். முதல் ரெண்டு வரி சரி. மூணாவது வரி தப்பு. அதுல 'ஃபார் ரோல்', அதாவது எந்த ரோல் (டேட்டாபேஸ் கணக்கு) உருவாக்குற டேபிளுக்குன்னு சொல்ற பகுதி, இல்ல. அது இல்லேன்னா, கட்டளையை எந்த ரோல் ஓட்டுச்சோ அதே ரோல் பின்னாடி உருவாக்குற டேபிளுக்கு மட்டும்தான் உரிமை போகும். இவர் எல்லா அதிகாரமும் உள்ள சூப்பர்யூசரா உக்காந்து ஓட்டியிருக்கார். இவங்க மைக்ரேஷன், அதான் புது டேபிள் உருவாக்குற ஸ்கிரிப்ட், ஓடுறது வேற ரோல்ல. புது டேபிள் ஒண்ணுக்குக்கூட செலக்ட் போயிருக்காது.

ஸ்கிரிப்ட்சேகர்:
வணக்கம் சார், வந்துட்டீங்களா. மேனுவலைத் திறந்து பாருங்க, 'ஃபார் ரோல்' சதுர அடைப்புக்குள்ள இருக்கு. அப்படின்னா ஆப்ஷனல். எழுதினா எழுதலாம், விட்டா விடலாம். எங்க சர்வர்ல 4 மாசமா ஓடுது, ஒரு டிக்கெட் வரல.

நைட்ஷிஃப்ட்:
ஆப்ஷனல்தான். ஹெல்மெட்டும் ஸ்டாண்டுல வண்டி நிக்கிற வரைக்கும் ஆப்ஷனல்தான். விட்டா என்ன ஆகும்னு அதே பக்கத்துல கீழ போட்டிருக்கான்: இப்ப எந்த ரோல்ல இருக்கியோ அதுவேதான் எடுத்துக்கப்படும். சதுர அடைப்பு வரைக்கும் படிச்சவருக்கு இன்னும் நாலு விரக்கடை கீழ இறங்க முடியலையா?

புதுவரவு:
மன்னிக்கணும், ரோலும் யூசரும் ஒண்ணா வேறயா? ஆட்டோமேஷன்னு நீங்க ரெண்டு பேரும் சொல்றது ஒரே விஷயத்தைத்தானா?

ஸ்கிரிப்ட்சேகர்:
நைட்ஷிஃப்ட் சார், நான் டெஸ்ட் பண்ணாம எழுதுற ஆளில்ல. மூணு வரியும் ஓட்டினேன், ஒரு டேபிள் போட்டேன், ரிப்போர்ட் யூசரா உள்ள போய் செலக்ட் அடிச்சேன். வந்துச்சு. போதுமா?

நைட்ஷிஃப்ட்:
டேபிள் போட்டது யாரு? நீங்களே, அதே சூப்பர்யூசரா. நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு நாமே மொய் எழுதி நாமே எண்ணிப் பாத்த கதை. மைக்ரேஷன் ரோல்ல போய் ஒரு டேபிள் உருவாக்கிட்டு அப்புறம் பாருங்க. இல்ல, போஸ்ட்கிரெஸோட பிஎஸ்க்யூஎல் கமாண்ட் விண்டோல பின்சாய்கோடு போட்டு டிடிபின்னு அடிங்க, டீஃபால்ட் பிரிவிலேஜ் பட்டியல் வரும். ஓனர் கட்டத்துல யார் பேர் வருதுன்னு இங்கே ஒட்டுங்க.

டெர்ராஃபார்ம்தங்கை:
மூணாவது வரி விஷயத்துல நைட்ஷிஃப்ட் அண்ணன் சொல்றதுதான் சரி. ஆன்சிபிள்ங்கிற ஆட்டோமேஷன் டூல்ல பிரிவிலேஜ் மாட்யூல் இருக்கே, அதுல டார்கெட் ரோல்ஸ்னு தனியா ஒரு இடமே இருக்கு. யார் உருவாக்குற டேபிள்னு சொல்றதுக்குத்தான் அது. ஆனா அண்ணே, இதுக்குப்போய் ஊரைக் கூட்டணுமா? ரோல், கிராண்ட் (உரிமை கொடுக்கிற கட்டளை) எல்லாத்தையும் டெர்ராஃபார்ம்ங்கிற டூல்ல எழுதி, மாத்தினதையெல்லாம் பதிவு பண்ற கிட்ல வெச்சா யார் யாருக்கு என்ன கொடுத்தாங்கன்னு வரலாறே கிடைக்கும்.

நைட்ஷிஃப்ட்:
வரலாறும் கிடைக்கும், பாஸ்வேர்டும் கிடைக்கும். ரோல் பாஸ்வேர்டை அதுக்குள்ள கொடுத்தா அது வெச்சுக்கிற ஸ்டேட் ஃபைல்ல மறைக்காம பச்சையா உக்காந்திருக்கும்னு தெரியுமா? தெரிஞ்சா சரி. நான் கேட்டது மூணாவது வரி.

டெர்ராஃபார்ம்தங்கை:
உங்களுக்கு ஆதரவா பேச வந்ததுக்கு இது எனக்குத் தேவைதான்.

ஸ்கிரிப்ட்சேகர்:
இப்ப பாத்தேன். 4 மாசத்துல 3 புது டேபிள் வந்திருக்கு. ரிப்போர்ட் யூசருக்கு மூணுலயும் செலக்ட் இருக்கு. ஏன்னா பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் கிரான்ல (நேரம் குறிச்சா தானா ஓட்டுற வசதி) ரெண்டாவது வரி திரும்ப ஓடுது. ஆக என் செட்டப் சரி.

நைட்ஷிஃப்ட்:
அடடே! அப்ப மூணு வரி இல்ல, நாலு வரி. அந்த நாலாவது வரிதான் வேலை செய்யுது, மூணாவது வரி சும்மா நாற்காலி போட்டு உக்காந்திருக்கு. இதை வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கலாமே.

அந்தக் கிரான் கதையும் எனக்குத் தெரியும். முன்னாடி வேலை பாத்த இடத்துல இதே மாதிரி ஒண்ணு வெச்சிருந்தாங்க. சம்பள டேபிள் ரிப்போர்ட் ஆளுங்களுக்குத் தெரியுதுன்னு சாயங்காலம் 6 மணிக்கு ஃபோன். கையால ரிவோக் அடிச்சேன், சரிபாத்தேன், கீழ டீக்கடைக்குப் போனேன். பாதி கிளாஸ் காலியாகல, அதே ஆள் மறுபடி ஃபோன்: "சார், இப்பவும் தெரியுது, என் மேனேஜர் சம்பளம்கூட." நான் பறிச்சதைக் கிரான் திருப்பிக் கொடுத்துட்டு அடுத்த வேலையைப் பாக்கப் போயிருச்சு. 'ஆல் டேபிள்ஸ்'னா அதுக்கு எல்லா டேபிளும்தான். இதுல ரெண்டு சர்வர்ல ஒரே நேரத்துக்குக் கிரான் வெச்சு, ரெண்டும் ஒரே டேபிளுக்கு கிராண்ட் அடிச்சு 'டியூப்பிள் கன்கரென்ட்லி அப்டேட்டட்'னு எரர் விழுந்த ராத்திரியெல்லாம் தனிக்கதை.

தமிழில்எழுது:
டேபிள் என்று எழுதாமல் அட்டவணை என்று எழுதினால் கை வலிக்குமா? உரிமை, பறித்தல், ரோலுக்குப் பாத்திரம் என்று எல்லாவற்றுக்கும் தமிழ் இருக்கிறது.

நைட்ஷிஃப்ட்:
பாத்திரத்தை வெச்சு சமையல் பண்ணுங்க ஐயா. இங்கே சதுர அடைப்பு பிரச்சினை ஓடிட்டிருக்கு.

ஆரக்கிள்மாமா:
பிள்ளைங்களா, இதெல்லாம் போஸ்ட்கிரெஸ்ல இருக்கிற தலைவலி. ஆரக்கிள் டேட்டாபேஸ் 23-ல ஸ்கீமாவுக்கே செலக்ட் கொடுக்கலாம், நாளைக்கு வர்ற டேபிளும் அதுக்குள்ள அடக்கம்.

நைட்ஷிஃப்ட்:
மாமா, அந்த லைசென்ஸ் பில்லையும் கூடவே ஒட்டிடுங்க, பாத்துட்டுத் தூங்கப் போறோம். அதுவும் 23 வர்ற வரைக்கும் நீங்களும் டேபிள் டேபிளாத்தானே கொடுத்துட்டு இருந்தீங்க? இல்லேன்னா 'எனி டேபிள்'னு ஊருக்கே சாவி.

உண்மையில சேகருக்கு இந்தக் குழப்பம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். அவர் மைஎஸ்க்யூஎல்ங்கிற வேற டேட்டாபேஸ் ஆளு. அங்கே டேட்டாபேஸ் பேர், புள்ளி, நட்சத்திரம்னு கொடுத்தா இனிமே வரப்போறதும் சேந்துக்கும். அந்தப் பழக்கத்தோட இங்கே வந்துட்டார்.

ஸ்கிரிப்ட்சேகர்:
மைஎஸ்க்யூஎல் ஆளுன்னா மட்டமா? போன பொங்கல் சமயத்துல இண்டெக்ஸ் விவாதத்துல பாதியில எழுந்து போனது யாருன்னு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு சார். அந்தக் கோபத்தை இங்கே காட்டாதீங்க. இன்னொண்ணு: போஸ்ட்கிரெஸ் 14-லேர்ந்து பிஜி_ரீட்_ஆல்_டேட்டான்னு எல்லா டேபிளையும் படிக்கிற ரோல் இருக்கு. அதைக் கொடுத்தா உங்க மூணாவது வரியே வேண்டாம்.

நைட்ஷிஃப்ட்:
எழுந்து போகல, கரண்ட் போச்சு. அந்த ரோலைக் கொடுங்க, தாராளமா. கனெக்ட் பண்ண முடியுற எல்லா டேட்டாபேஸ்லயும் எல்லா ஸ்கீமாவும் தெரியும். சம்பள டேபிளுக்கு டீ குடிக்கிற நேரம்கூட மிச்சமில்ல. அப்புறம், அது "என்" மூணாவது வரி இல்ல. உங்களுது.

புதுவரவு:
என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லல, பரவாயில்ல. வேலையை விட்டுப் போனவரோட யூசரை ட்ராப் பண்ண ஸ்கிரிப்ட் எழுதினேன். அவரைச் சார்ந்த பொருள்கள் இருக்கு, ட்ராப் பண்ண முடியாதுன்னு சொல்லுது. அவர் பேர்ல டேபிளே இல்லையே?

நைட்ஷிஃப்ட்:
தம்பி, நல்ல நேரத்துல கேட்டீங்க. டேபிள் இல்லேன்னாலும் அவர் பேர்ல கிராண்டோ டீஃபால்ட் பிரிவிலேஜோ ஒட்டிக்கிட்டிருந்தா விடாது. முதல்ல ரீஅசைன் ஓன்ட் (அவர் பேர்ல இருக்கிறதை வேற ஆளுக்கு மாத்தும்), அப்புறம் ட்ராப் ஓன்ட் (மிச்சத்தையும் கிராண்டையும் அழிக்கும்), ஒவ்வொரு டேட்டாபேஸ்லயும் தனித்தனியா. வரிசையை மாத்திடாதீங்க, ஒருவேளை டேபிள் ஏதாவது இருந்தா அதுவும் போயிரும். பாத்தீங்களா சேகர், 'ஃபார் ரோல்' இல்லாம ஒவ்வொருத்தரும் தன் பேர்லயே ஓட்டினா கடைசியில அது எங்க வந்து நிக்குதுன்னு?

ஸ்கிரிப்ட்சேகர்:
அவர் யூசரை அழிக்க முடியாததுக்கும் நான்தான் காரணமா! நாளைக்கு மழை பெய்யலேன்னாலும் என் மூணாவது வரிதான். ஆப்ஷனல் சார். ஆப்ஷனல்.

தமிழில்எழுது:
விருப்பத்தேர்வு.

நைட்ஷிஃப்ட்:
டிடிபி அவுட்புட் எங்கே?

ஸ்கிரிப்ட்சேகர்:
விபிஎன் இல்ல. திங்கள்கிழமை போடுறேன்.

ஆரக்கிள்மாமா:
23-ல இதெல்லாம் கிடையாது.

நைட்ஷிஃப்ட்:
திங்கள் போச்சு, செவ்வாயும் போச்சு. ஓனர் கட்டத்துல போஸ்ட்கிரெஸ்னு சூப்பர்யூசர் பேரே இருக்கும், அதான் ஒட்ட மாட்டேங்கிறார். மாமா, நீங்க சும்மா இருங்க.