சின்ன மர லேத்: 750 ஆர்பிஎம்மை 300-க்கு இறக்க பிரிசெட்டா, பெல்ட்டா?

வாகைமரம்:
10 அங்குல ஸ்விங் (மாட்டக்கூடிய கட்டையின் அதிகபட்ச விட்டம்) உள்ள மேசை லேத், அதாவது மரம் கடையும் இயந்திரம். அரை ஹெச்பி டிசி மோட்டார், ஸ்பிண்டிலுக்கு (கட்டையைச் சுழற்றும் அச்சு) ஒரே பெல்ட், வேகத்துக்கு ஒரு குமிழ். குமிழை இடது கோடி வரை திருப்பினாலும் 750 ஆர்பிஎம்முக்கு (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) கீழே இறங்க மாட்டேன் என்கிறது. பேனா, பம்பரம், பூரிக்கட்டை வரைக்கும் குறையே இல்லை. இப்போது பச்சை வாகையில் கிண்ணம் கடைய ஆரம்பித்திருக்கிறேன், 9 அங்குலக் கட்டையை ஃபேஸ்பிளேட்டில் (ஸ்பிண்டில் நுனியில் இருக்கும் தட்டு) மாட்டி ஓடவிட்டால் மேசையே நடக்கிறது. கடைசியில் உப்புத்தாள் போடும்போதும் அந்த வேகத்தில் சூடு ஏறி விளிம்பில் மயிரிழை வெடிப்பு விழுகிறது. கண்ட்ரோல் பெட்டியைத் திறந்தால் போர்டில் மினிமம், மேக்ஸிமம், ஐஆர் (லோடு ஈடு), சிஎல் (கரண்ட் வரம்பு) என்று நான்கு பிரிசெட், அதாவது ஸ்குரூடிரைவரால் திருப்பும் குட்டிக் குமிழ்கள், இருக்கின்றன. 300-க்குக் கொண்டுவர எது சரியான வழி?

கார்பன்பிரஷ்:
வழி உங்கள் போர்டிலேயே இருக்கிறது, காசு செலவே இல்லை. மினிமம் பிரிசெட்டை இடது பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள், அவ்வளவுதான். ஆனால் ஓடும்போது திருப்பாதீர்கள். இந்த மாதிரி போர்டுகளில் பெரும்பாலும் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது, போர்டு முழுக்க நேரடி மெயின்ஸ்தான். ஃபில்டர் கபாசிட்டர் இருந்தால் அதில் 320 வோல்ட் வரை தேங்கி நிற்கும். பிளக்கைப் பிடுங்கி, சில நிமிடம் விட்டு, மீட்டர் வைத்து இறங்கிவிட்டதா என்று பார்த்த பிறகு கையை வையுங்கள். பழைய நிலையை மார்க்கரில் ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கொஞ்சம் திருப்பு, மூடு, ஓட்டிப் பார். வேகம் சரியானதும் மேக்ஸிமத்தையும் ஒருமுறை பாருங்கள், நிறைய போர்டுகளில் ஒன்றைத் தொட்டால் இன்னொன்றும் சற்று நகரும்.

இரட்டைப்புல்லி:
300 என்று டிஸ்ப்ளே காட்டும், உளியை வைத்ததும் நின்றுவிடும். கணக்குப் பாருங்கள். 180 வோல்ட்டில் 3000 சுற்றும் மோட்டார், ஆர்மெச்சர் (மோட்டாருக்குள் சுழலும் சுருள்) ரெசிஸ்டன்ஸ் 4 ஓம், வெட்டும்போது 3 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆர்மெச்சரிலேயே 12 வோல்ட் போய்விடும். முழு வேகத்தில் 180-ல் 12 போனால் 3000 என்பது 2800 ஆகும், உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. 300-க்கு மோட்டாருக்குப் போவதே 18 வோல்ட்தான். அதில் 12 போனால் மிச்சம் 6, அதாவது 100 ஆர்பிஎம். அதையும் தாண்டி உளி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் கட்டையோடு எல்லாம் நின்று போகும்.

கார்பன்பிரஷ்:
அந்த 12 வோல்ட்டை ஈடுகட்டத்தானே ஐஆர் பிரிசெட் வைத்திருக்கிறார்கள், அண்ணே. லோடு ஏறினால் போர்டு தானாக வோல்டேஜை ஏற்றிக் கொடுக்கும். ஐஆரை வலது பக்கம் ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் மோட்டார் விம்மி விம்மி ஓடும். அங்கிருந்து கொஞ்சம் பின்னால் வந்து நிறுத்தினால் 300-லும் ஓரளவு பிடித்து நிற்கும். இந்தப் படியை விட்டுவிட்டு மினிமத்தை மட்டும் திருப்புகிறவர்கள்தான் பிறகு பிரிசெட் உதவாது என்று எழுதுகிறார்கள்.

இரட்டைப்புல்லி:
வேகம் நிற்கும், சரி. டார்க் (சுழற்றும் விசை) எங்கிருந்து வரும்? டிசி மோட்டாரில் டார்க் என்பது கரண்டுதான். 300-ல் ஓட்டினாலும் 3000-ல் ஓட்டினாலும் அதே 3 ஆம்பியருக்கு அதே டார்க். ஆர்மெச்சரில் 36 வாட் சூடும் அதேதான், ஆனால் அதை வெளியே தள்ள வேண்டிய விசிறி மோட்டார் ஷாஃப்டிலேயே இருக்கிறது, 300-ல் அது பேருக்குத்தான் சுற்றும். அரை மணி நேரம் கிண்ணம் குடைந்துவிட்டு மோட்டார் உடம்பைத் தொட்டுப் பாருங்கள், கையை எடுத்துவிடுவீர்கள்.

மோட்டாருக்கும் ஸ்பிண்டிலுக்கும் நடுவில் ஒரு கவுண்டர் ஷாஃப்ட் (புல்லிகள் மாட்டிய தனி அச்சு) போட்டால் மோட்டார் அதன் வேகத்திலேயே ஓடும். 2 அங்குல புல்லியிலிருந்து 5 அங்குல புல்லிக்கு இறக்கினால் 750 என்பது 300 ஆகிறது, டார்க் இரண்டரை மடங்கு. மோட்டார் புல்லியை மட்டும் சின்னதாக்கி வேலையை முடிக்கலாம் என்று நினைக்காதீர்கள், சின்ன புல்லியில் பெல்ட்டுக்குப் பிடிமானம் போய் வழுக்கும். ஸ்பிண்டில் புல்லியைப் பெரிதாக்க இந்தச் சின்ன ஹெட்ஸ்டாக்கில் (ஸ்பிண்டில் இருக்கும் தலைப்பகுதி) இடமே இருக்காது.

கார்பன்பிரஷ்:
அவர் கேட்டதில் பாதி உப்புத்தாளுக்கு. அதற்கு என்ன டார்க் வேண்டும்? அதற்காக ஷாஃப்ட், நாலு புல்லி, பேரிங் என்று பட்டறை போடச் சொல்வது கொஞ்சம் அதிகம். தவிர, உங்கள் ஏற்பாட்டில் 3000 என்பது 1200 ஆகிவிடுமே, பேனா கடைய வேண்டும் என்றால் மறுபடி பழைய பெல்ட்டை மாட்ட வேண்டும்.

இரட்டைப்புல்லி:
மாட்டினால் என்ன, ஐந்து நிமிட வேலை.

உளிப்பிடி:
இரண்டு பேரும் மோட்டாரைப் பற்றியே பேசுகிறீர்கள், மேசை ஏன் நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கட்டை வட்டமாக இல்லை தம்பி, அதுதான் விஷயம். ஒரு பக்கம் 100 கிராம் கூடுதலாக, மையத்திலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், 750-ல் ஸ்பிண்டிலை அது ஆறு கிலோ எடை தொங்குகிற மாதிரி இழுக்கும், அதுவும் ஒவ்வொரு சுற்றிலும் திசை மாறி மாறி. வேகத்தைக் குறைக்கச் சொல்லும் முன்னால் அந்த 100 கிராமை எடுத்துவிடுங்கள். காம்பஸால் வட்டம் போட்டு மூலைகளை பேண்ட்சாவில் அறுங்கள், இல்லாவிட்டால் வாச்சியால் செதுக்குங்கள். ஃபேஸ்பிளேட்டில் மாட்டி, பெல்ட்டைத் தளர்த்தி, கையால் சுற்றிவிட்டால் கனமான பக்கம் கீழே வந்து நிற்கும். அங்கே சாக்பீஸால் குறி போட்டு மேலும் கொஞ்சம் செதுக்குங்கள். எதிர்முனையில் இருக்கும் டெயில்ஸ்டாக்கை முட்டுக் கொடுக்க மறக்காதீர்கள். விட்டத்தை அங்குலத்தில் எடுத்து ஆர்பிஎம்மால் பெருக்கினால் 6000-க்கும் 9000-க்கும் நடுவில் வர வேண்டும் என்று கடைசல்காரர்கள் சொல்வார்கள். உங்கள் 9 அங்குலக் கட்டைக்கு 750 என்றால் 6750. வட்டமான கட்டைக்கு அது நல்ல வேகம்தான்.

இரட்டைப்புல்லி:
வட்டமாக அறுத்தாலும் பச்சை மரத்தில் ஒரு பக்கம் வைரம் பாய்ந்த நடுமரம், ஒரு பக்கம் வெளுத்த மரம் என்று எடை வித்தியாசம் இருக்கத்தானே செய்யும்? இழுவை வேகத்தின் இருமடிக்கு ஏறுகிறது. 750-ஐப் பாதியாக்கினால் உங்கள் ஆறு கிலோ ஒன்றரைக் கிலோ. முதல் பத்து நிமிடத்துக்காவது குறைந்த வேகம் வேண்டும்.

உளிப்பிடி:
அந்தப் பத்து நிமிடத்துக்கு வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். மற்றபடி வேகம் குறைந்தால் வெட்டு மழமழப்பாக வராது, உளி நாரைப் பிய்க்கும், அந்தப் பிய்த்த இடத்தைச் சரிசெய்யத்தான் நீங்கள் உப்புத்தாளை அழுத்துகிறீர்கள், அதில்தான் சூடும் வெடிப்பும். சன்னபட்டணத்தில் பொம்மைக்கு அரக்கு ஏற்றுகிறவர்களிடம் வேகத்தைக் குறை என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். உரசுகிற சூட்டில்தான் அரக்கே உருகிப் பிடிக்கிறது.

புதுப்பட்டறை:
ஒரு சந்தேகம். சீலிங் ஃபேன் ரெகுலேட்டரை லேத் பிளக்குக்கு முன்னால் போட்டால் ஆகாதா? 200 ரூபாய்தான் ஆகும்.

கார்பன்பிரஷ்:
ஆகவே ஆகாது. போர்டுக்கு முழு மெயின்ஸ் அலை வேண்டும், நறுக்கிக் கொடுத்தால் அதன் டைமிங் குழம்பி மோட்டார் துள்ளும். ஃபேன் ரெகுலேட்டர் அரை ஹெச்பி மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது இழுக்கும் கரண்டையும் தாங்காது. இதில் இரட்டைப்புல்லி அண்ணனும் நானும் ஒரே கட்சி.

வாகைமரம்:
எல்லோருக்கும் நன்றி. மூலைகளை அறுத்து, சாக்பீஸ் குறி போட்டு எடையைச் சரிசெய்து பார்த்தேன், மேசை நடப்பது முக்கால்வாசி நின்றுவிட்டது. மினிமம் பிரிசெட்டை 400 வரை இறக்கியிருக்கிறேன், ஐஆரும் ஏற்றியாயிற்று. உப்புத்தாளுக்கு அருமை. ஆனால் 400-ல் கிண்ணத்தின் உள்பக்கம் குடையும்போது இழுவை போதவில்லை, வேகம் விழுந்து விழுந்து எழுகிறது. கவுண்டர் ஷாஃப்டும் வேண்டும் போலத்தான் தெரிகிறது. பேரிங் எது வாங்குவது?

கார்பன்பிரஷ்:
அதற்கு முன் ஐஆரை இன்னும் ஒரு மயிரிழை பின்னால் கொண்டுவந்து பாருங்கள். விழுந்து எழுவது இழுவைக் குறையாக இல்லாமல் ஐஆர் கூடிப்போனதாகவும் இருக்கலாம். லோடே இல்லாமல் ஓட்டும்போதும் அப்படி எழுந்து விழுந்தால் அது நிச்சயம் ஐஆர்தான்.

இரட்டைப்புல்லி:
பின்னால் கொண்டுவந்தால் வேகம் விழும், எழாது. அவ்வளவுதான் வித்தியாசம். 15 மில்லிமீட்டர் ஷாஃப்ட் எடுத்து யூசிபி 202 பில்லோ பிளாக் (தாங்கியோடு வரும் பேரிங்) இரண்டு போடுங்கள், எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும். பிளாக்கை போல்ட் செய்யும் பலகையில் ஓட்டையை நீளவாக்கில் போடுங்கள், அப்போதுதான் பெல்ட்டை இறுக்க முடியும். புல்லிகளைச் சுற்றி ஒரு தகரப் பெட்டி கட்டாயம். அந்தப் பக்கம் துண்டோ சட்டைக் கையோ போனால் டார்க் இரண்டரை மடங்கு என்பதை மறந்துவிடாதீர்கள்.