ரிலாக்ஸர் போட்ட சுருட்டை முடி உடைகிறது, என்ன செய்வது?

எனக்கு இறுக்கமான சுருட்டை முடி. ரிலாக்ஸர் (முடியை நேராக்கும் ரசாயனக் கிரீம்) போட்டு நேராக்கியிருந்தேன், இப்போது சீப்பை வைத்தாலே துண்டு துண்டாக உடைகிறது, அதுவும் புதிதாக வளர்ந்த சுருளும் பழைய நேர்முடியும் சேரும் இடத்தில்தான் அதிகம். முழுவதும் வெட்டாமல் காப்பாற்ற முடியுமா?

பதில் 1:
முடியும், ஆனால் பொறுமை வேண்டும். முடிக்கு வடிவம் தரும் கந்தகப் பிணைப்புகளை ரிலாக்ஸர் நிரந்தரமாக உடைத்துவிடும், எந்த ஹேர் மாஸ்க்கும் அவற்றைத் திரும்பக் கொண்டுவராது, இருப்பதை மேலும் உடையாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை. உலர்ந்த முடியைச் சீவவே வேண்டாம். கண்டிஷனரைத் தாராளமாகத் தடவி முதலில் விரலால் சிக்கெடுங்கள், அப்புறம் அகலப்பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மெல்ல மேலே வாருங்கள். அந்த இணைப்பு இடத்தை மட்டும் கையால் பிடித்துக்கொண்டு சீவினால் இழுவை அங்கே போகாது. பிளந்த நுனிகளை வெட்டிவிடுங்கள்.

பதில் 2:
ஈரமுடி ரப்பர் போல நீண்டு அறுகிறதா? அப்படியென்றால் புரத சிகிச்சை உதவும். அளவு மீறினால் முடி விறைத்து இன்னும் உடையும், அதனால் ஒவ்வொரு முறையும் ஈரப்பதம் தரும் கண்டிஷனர் கட்டாயம். இரவில் தலையில் சாட்டின் துணி கட்டுங்கள்.

கேட்டவர்:
சூடான அயர்னால் முடியை நேராக்கலாமா? அடுத்த ரிலாக்ஸர் எப்போது?

பதில் 1:
உடைவது நிற்கும்வரை இரண்டும் வேண்டாம். பிறகு போட்டாலும் குறைந்தது 8 வாரம் இடைவெளி விட்டு, புது வளர்ச்சியில் மட்டும். தலைத்தோலில் எரிச்சலோ புண்ணோ இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.