வைஃபை கனெக்டட் என்கிறது, ஆனால் எதுவும் திறக்கவில்லை: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பழையபெட்டி:
ஒரு வாரமாக உறுத்திக்கொண்டே இருக்கிறது, எழுதித் தொலைத்துவிடுகிறேன். 2 ஜிபி ராம் மடிக்கணினி, அதில் ஆன்டிஎக்ஸ் என்ற லேசான லினக்ஸ். மெயின் பேட்டரி செத்து வருடக்கணக்காகிறது, பிளக்கில்தான் ஓடும். மகளுடைய விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். மதியம் கரண்ட் போய் வந்தது. மறுபடி போட்டால், நெட் இணைப்பைக் கவனிக்கும் கான்மேன் கனெக்டட் என்கிறது, ஐபி வந்திருக்கிறது, கூகுளின் 8.8.8.8க்கு பிங் அனுப்பினால் பதில்கூட வருகிறது, ஆனால் ஃபயர்பாக்ஸில் எதைத் திறந்தாலும் ஒரு எச்சரிக்கைப் பக்கம். ரூட்டரை நாலு தடவை அணைத்துப் போட்டேன், தளப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸை மாற்றினேன், சரி டிரைவரைத் திரும்பப் போடலாம் என்று பார்த்தால் மென்பொருள் இறக்கித் தரும் ஆப்ட்டும் ஏதோ புலம்பியது. நெட் கொடுப்பவருக்கு போன் போட்டுச் சத்தம் போட்டேன் (பாவம், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை). மூன்று மணி நேரம். மகள் பின்னால் வந்து நின்று, "அப்பா, மூலையில ஏன் 2009 ஜனவரி 1னு போட்டிருக்கு?" என்றாள்.

கான்கி, தேதி நேரமெல்லாம் காட்டும் நிரல். டெஸ்க்டாப்பில் அவ்வளவு பெரிய எழுத்தில், மூன்று மணி நேரமும் என் கண் முன்னாலேயே இருந்திருக்கிறது. கடிகாரத்தை ஓட வைக்கும் சிமாஸ் பேட்டரி தீர்ந்து, கரண்ட் போனதும் கடிகாரம் 2009க்குப் போய்விட்டது. வைஃபை கடவுச்சொல்லுக்குத் தேதி தேவையில்லை, அதனால் சேர்ந்துவிடுகிறது. தளங்கள் தங்களை நிரூபிக்கக் காட்டும் சான்றிதழ்களோ 2009ல் பிறக்கவே இல்லை. டெர்மினலில் தேதியை அடித்தேன், எல்லாம் திறந்தது. விண்ணப்பம் போய்விட்டது. ஆனால் அவள் கேட்ட அந்தத் தொனி இருக்கிறதே.

குட்டிநாய்ப்பிரியன்:
உங்களுக்கு மூன்று மணி நேரம், எனக்கு மூன்று மாதம். அப்பாவுக்கு பப்பி லினக்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். பப்பி முழுக்க ராமில் ஓடும் என்பது தெரிந்ததுதானே. முதல் முறை அணைக்கும்போது, அமைப்புகளைச் சேமித்து வைக்கும் சேவ்ஃபைல் உருவாக்கவா என்று அது கேட்டிருக்கிறது, அவர் பயந்துபோய் வேண்டாம் என்று அழுத்தியிருக்கிறார். அப்புறம் ஒவ்வொரு தடவையும் அதே பதில். தினமும் காலையில் வைஃபை காணாமல் போகும். போனில் கேட்டால் "நெட் நல்லா வருதுப்பா" என்பார்.

பொங்கலுக்குப் போனபோது பார்க்கிறேன், பீரோ கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. நெட்வொர்க் விஸார்டில் எந்த ஐகான், அடுத்து எது, 16 எழுத்துக் கடவுச்சொல், எல்லாம் அவருடைய கையெழுத்தில் பேனாவால். எழுத்து எழுத்தாக, பெரிய எழுத்துக்குக் கீழே கோடு போட்டு. லினக்ஸ் என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று தினமும் அதைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தாராம். சேவ்ஃபைல் போட ஒரு நிமிடம் ஆகவில்லை. தாளை நான் கிழிக்கவில்லை.

கருந்திரை:
பழையபெட்டி, கோபித்துக்கொள்ளாதீர்கள். 8.8.8.8க்கு பிங் போனதுமே டிரைவர் நன்றாக இருக்கிறது என்று தெரிந்துவிட்டதே, அப்புறம் எதற்கு டிரைவரைத் தொட்டீர்கள்? அந்த எச்சரிக்கைப் பக்கத்திலேயே உங்கள் கணினிக் கடிகாரம் தவறு என்று ஃபயர்பாக்ஸ் எழுதியிருக்கும். ஆப்ட்டும் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை என்றுதான் சொல்லியிருக்கும். படிக்கவே இல்லை நீங்கள்.

என் கதை சின்னது. விபிஎன் ஒன்றை நீக்கினேன், தளப் பெயர் எதுவும் முகவரியாக மாறவில்லை. டிஎன்எஸ் முகவரியை வைத்திருக்கும் ரிசால்வ்.கான்ஃப், இல்லவே இல்லாத ஒரு கோப்பைச் சுட்டிக்கொண்டு நின்றது. அதை அழித்துவிட்டு நேம்சர்வர் ஒரு வரி எழுதினேன், முடிந்தது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்குச் சொல்கிறேன், கீழிருந்து மேலே போங்கள். முதலில் ஐபி லிங்க் கட்டளை, வைஃபை கார்டு கண்ணுக்குத் தெரிகிறதா என்று. தெரியாவிட்டால் டிமெசேஜில் (கர்னல் எழுதும் செய்திகள்) ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஓடும் மென்பொருள்) என்று தேடுங்கள், கோப்பு இல்லை என்று அழுதுகொண்டிருக்கும். டெபியன் 12க்கு முந்தைய அதிகாரபூர்வ நிறுவல் வட்டுகளில் கட்டற்ற உரிமத்தில் இல்லாத (நான்-ஃப்ரீ) ஃபர்ம்வேர் வராது, நிறையப் பேர் அங்கேதான் விழுந்தார்கள். கார்டு இருந்தும் எழவில்லையென்றால் ஆர்எஃப்கில் லிஸ்ட் அடியுங்கள், வைஃபை தடுக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும். சாஃப்ட் பிளாக் என்றால் ஆர்எஃப்கில் அன்பிளாக் ஆல், ஹார்ட் பிளாக் என்றால் மடிக்கணினியின் ஓரத்தில் இருக்கும் பொத்தான், அதை எந்தக் கட்டளையாலும் திறக்க முடியாது. அப்புறம் ஐபி முகவரி. 169.254ல் ஆரம்பித்தால் ரூட்டர் முகவரி தரவில்லை, இவனாகவே ஒன்றை வைத்துக்கொண்டான் என்று அர்த்தம். அப்புறம் ரூட்டருக்கு பிங், அப்புறம் 8.8.8.8, அப்புறம்தான் ஒரு தளத்தின் பெயர். எங்கே நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. ஒரு டேட்டா கேபிளும் பக்கத்தில் இருக்கட்டும். போனில் யுஎஸ்பி டெதரிங் போட்டால் பெரும்பாலும் ஈதர்நெட் மாதிரி உடனே எழும், தேவையானதை அதன் வழியே இறக்கிக்கொள்ளலாம்.

விடுதி_அறை9:
கருந்திரை அண்ணா, எங்கே நிற்கிறதோ அங்கேதான் கோளாறு என்பது எப்போதும் சரியில்லை. எங்கள் விடுதி நெட்வொர்க்கில் பிங்கையே வடிகட்டிவிடுவார்கள். 8.8.8.8 பதில் சொல்லாது, ஆனால் யூடியூப் ஓடும். உங்கள் கணக்குப்படி நான் நாலு வருடம் நெட் இல்லாமல் படித்திருக்கிறேன்.

நடந்தது என்னவென்றால், லுபுண்டு லினக்ஸ் போட்ட முதல் நாள், வைஃபை சேர்கிறது, லாகின் பக்கம் வரவே இல்லை. அறையில் எல்லோரும் போனில் லாகின் செய்து கிரிக்கெட் பார்க்கிறார்கள், நான் மட்டும் டெர்மினலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் அடித்த தளம் ஒவ்வொன்றும் எச்டிடிபிஎஸ், அதாவது பூட்டிய இணைப்பு, அதற்குள் விடுதி நெட்வொர்க் புகுந்து லாகின் பக்கத்தைக் காட்ட முடியவில்லை. கடைசியில் சீனியர் அண்ணன் ஒருவர் சாப்பிட்ட கையோடு வந்து, இடது கையால், பூட்டே இல்லாத 'நெவர்எஸ்எஸ்எல்' தளத்தை அடித்தார். லாகின் பக்கம் வந்தது. ஒரு வார்த்தை பேசாமல் கை கழுவப் போய்விட்டார்.

மீட்டர்பெட்டி:
என்னுடையது ஆன்டெனா கதை. ஆர்டிஎல்8723பிஇ வைஃபை கார்டு வைத்திருப்பவர்களுக்குச் சொல்லாமலே தெரிந்திருக்கும். ரூட்டரிலிருந்து மூன்றடி தள்ளினால் சிக்னல் செத்துவிடும். ரூட்டர் இருந்தது வாசல் மீட்டர் பெட்டிக்கு மேலே, நான் இருந்தது அதற்குக் கீழே, முக்காலி போட்டு, இரண்டு வாரம். பக்கத்து வீட்டு அத்தை ஒருநாள் என் மனைவியிடம் மெதுவாக, "வீட்டுல ஏதாச்சும் பிரச்சினையாம்மா?" என்று கேட்டுவிட்டார்.

கார்டில் ஆன்டெனாவுக்கு இரண்டு இடம், செலவை மிச்சம் பிடித்து ஒன்றில் மட்டும் ஒயரை மாட்டியிருக்கிறார்கள், டிரைவர் மற்றதில் தேடுகிறது. டிரைவர் அமைப்புகள் இருக்கும் மாட்ப்ரோப்.டி அடைவில் ஆன்ட்_செல்=2 என்று ஒரு வரி, மறுதொடக்கம். சிலருக்கு 2க்குப் பதில் 1 வேலை செய்யும். அன்று ராத்திரி கட்டிலில் படுத்துக்கொண்டே நெட் பார்த்தேன். அத்தைக்கு மட்டும் இன்னும் சந்தேகம் தீரவில்லை.

கருந்திரை:
விடுதி, அது விதிவிலக்கு. வீட்டு இணைப்பைப் பற்றித்தான் சொன்னேன்.

விடுதி_அறை9:
அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே அண்ணா.

குட்டிநாய்ப்பிரியன்:
சண்டையை விடுங்கள். பழையபெட்டி, சிமாஸ் பேட்டரி மாற்றிவிட்டீர்களா? சிஆர்2032தானே, கடிகாரக் கடையிலேயே கிடைக்கும்.

பழையபெட்டி:
வாங்கிவிட்டேன். திறந்து பார்த்தால் ஒயர் வைத்து பிளாஸ்டிக் சுற்றிய பேட்டரி, அதுவும் மதர்போர்டுக்கு அடியில், கீபோர்டு முதல் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். மூடிவிட்டேன். இப்போதைக்குக் கரண்ட் போய் வந்தால் போனைப் பார்த்துத் தேதியை அடித்துக்கொள்கிறேன். கட்டளை மறந்துவிடுகிறது என்று மகள் ஒரு சீட்டில் எழுதித் திரைக்குக் கீழே ஒட்டியிருக்கிறாள்.

குட்டிநாய்ப்பிரியன்:
எங்கள் அப்பாவிடம் பேசுகிறீர்களா? நம்பர் தரட்டுமா?