சுண்ணாம்பிட்ட ஆமணக்குப் பிண்ணாக்கை ஆட்டுக்கு வைக்கலாமா?

ஆத்தூர்ப் பட்டிக்காரன்:
எங்கள் பட்டியில் நாற்பது வெள்ளாடுகள் நிற்கின்றன. கடலைப் பிண்ணாக்கின் விலை கைக்கு எட்டவில்லை. உரக்கடையிலோ ஆமணக்குப் பிண்ணாக்கு மூட்டை மூட்டையாக மலிவாகக் கிடக்கிறது. கிலோவுக்கு 40 கிராம் நீர்த்த சுண்ணாம்பைக் கலந்தால் அதன் நஞ்சு முறிந்துவிடும் என்று படித்தேன். செய்யலாம் என்பவர்களும் கூடாது என்பவர்களும் காரணத்தோடு எழுத வேண்டுகிறேன்.

தீவனக்கலவை:
செய்யலாம் என்பதே என் கட்சி. ஆமணக்கின் நஞ்சான ரைசின் ஒரு புரதம். அது எண்ணெயில் கரையாது என்பதால், விதையை ஆட்டியபின் எண்ணெயோடு போகாமல் பிண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. அதன் ஒரு பாதி உயிரணுவைப் பற்றிக்கொள்ள, மறுபாதி உள்ளே நுழைந்து புரதம் உருவாகும் வேலையையே நிறுத்திவிடுகிறது. ஆனால் புரதமாக இருப்பதே அதன் பலவீனமும் ஆகும். அமைப்பு குலைந்தால் நஞ்சும் போயிற்று. பெங்களூரில் உள்ள தேசியக் கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனத்தார் 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஊறவைத்தல், வேகவைத்தல், ஆவியில் அவித்தல் எனப் பல முறைகளை ஒப்பிட்டார்கள். ஊறவைத்ததும் வேகவைத்ததும் நஞ்சின் பெரும்பகுதியைக் குறைத்தாலும் மிச்சம் வைத்தன. சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தில் 60 நிமிடம் அவித்ததும், நீங்கள் சொல்லும் அதே 40 கிராம் சுண்ணாம்பும் நஞ்சை முழுமையாக அழித்தன. பிரேசிலிலும் சுண்ணாம்பிட்ட ஆமணக்குப் பிண்ணாக்கைச் செம்மறிகளுக்கும் வெள்ளாடுகளுக்கும் கொடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். நூற்றுக்கு முப்பது பங்குக்குக் குறையாமல் புரதம் உள்ள ஒரு பொருளை எருக்குழியில் கொட்டுவதை என் மனம் ஏற்கவில்லை.

கொங்கு மருத்துவர்:
ஆய்வகத்தில் நடந்ததை நான் மறுக்கவில்லை; அது பட்டியில் அப்படியே நடக்குமா என்றுதான் கேட்கிறேன். வெள்ளையடிக்க வாங்கி, வாய் திறந்தபடி திண்ணையில் கிடக்கும் சுண்ணாம்பு மூட்டையை எண்ணிப் பாருங்கள். அது காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிச் சிறிது சிறிதாக வெறும் சுண்ணக்கல் தூளாக மாறிவிடும். நிறமும் தராசில் நிற்கும் எடையும் நம்மை ஏமாற்றும். காரத்தன்மை மட்டும் இருக்காது. நஞ்சை முறிப்பதோ அந்தக் காரத்தன்மைதான். மேலும், ஆலையிலிருந்து வரும் பிண்ணாக்கு கட்டிகட்டியாக இருக்கும். இடிக்காமல் சுண்ணாம்புத் தண்ணீரைத் தெளித்தால், கட்டியின் மேற்பரப்பு வெளுத்திருக்க, உட்புறம் உலர்ந்து பழைய கருமை மாறாமல் இருப்பதை உடைத்துப் பார்த்தாலே காணலாம். அந்த ஒரு கட்டியைத் தின்ற ஆடு உடனே விழாது. பல மணி நேரம் கழித்தே தீவனத்தை மறுத்து நிற்கும். பிறகு இரத்தக் கழிச்சல் காணும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. நீர்ச்சத்து ஏற்றிவிட்டுக் காத்திருப்பதைத் தவிர எங்களால் செய்யக்கூடியது மிகக் குறைவு.

செக்குமேடை:
இடையில் ஒரு கேள்வி. எங்கள் பக்கம் டீசல் தயாரிக்கலாம் என்று சொல்லி நட்ட காட்டாமணக்கின் பிண்ணாக்கையும் இவ்வாறு பக்குவப்படுத்த முடியுமா?

தீவனக்கலவை:
கூடவே கூடாது. உறவு இருந்தாலும் நஞ்சு வேறு. காட்டாமணக்கில் உள்ள போர்பால் எஸ்டர் என்னும் நஞ்சு எண்ணெயில் கரைவது, சூட்டுக்கும் அசையாதது. எத்தனை முறை வேகவைத்தாலும் அப்படியே நிற்கும். எரிசாராயம் போன்ற கரைப்பானில் கழுவித்தான் இறக்க வேண்டும். மெக்சிகோவில் நஞ்சில்லாத காட்டாமணக்கு வகை இருக்கிறது, அங்கு அதை வறுத்தும் தின்கிறார்கள். அதை எடுத்துக்காட்டி இங்குள்ளதைத் தீவனமாக விற்க முனைபவரை நம்ப வேண்டாம்.

ஆத்தூர்ப் பட்டிக்காரன்:
மருத்துவர் ஐயா, பருத்திக்கொட்டையிலும் நஞ்சு உண்டு என்கிறார்களே? என் அப்பத்தா அதை ஊறவைத்து, ஆட்டுரலில் ஆட்டி, கறவை மாட்டுக்குத் தினமும் வைத்தார். ஒரு மாடும் சாகவில்லை.

கொங்கு மருத்துவர்:
மாட்டைக் காத்தது ஆட்டுரல் அல்ல, தம்பி, அதன் இரைப்பையின் முதல் அறையான பெருவயிறு. பருத்திக்கொட்டையிலுள்ள காசிப்பால் என்னும் நஞ்சு அங்கே புரதங்களோடு பிணைந்து பெருமளவு செயலற்றுப் போகிறது. பெருவயிறு வளராத இளங்கன்றுக்கு அதே கொட்டையை மிகுதியாக வைத்தால் இதயம் கெடும். வளர்ந்த மாடுகூட அளவு மீறினால் தாங்காது. ரைசினுக்கும் பெருவயிறு இப்படிக் கைகொடுக்கும் என்று எண்ணிப் பட்டியைப் பணயம் வைக்க நான் சொல்ல மாட்டேன்.

தீவனக்கலவை:
கட்டியும் பழைய சுண்ணாம்பும் செய்முறையின் குற்றமே தவிர, முறையின் குற்றம் அல்ல. பிண்ணாக்கை இடித்துச் சலித்து, புதிதாக நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து ஒரே சீராகப் பிசைந்து, ஓரிரவு வைத்து, மறுநாள் வெயிலில் உலர்த்தினால் போதும். கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோ பிண்ணாக்கில் சேரும் 40 கிராம் சுண்ணாம்பிலிருந்து ஏறத்தாழ 21 கிராம் கால்சியம் வருகிறது. ஆகவே கலவையில் வழக்கமாகச் சேர்க்கும் சுண்ணக்கல் தூளைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

கொங்கு மருத்துவர்:
நஞ்சு போயிற்றா என்பதை எதைக் கொண்டு அறிவீர்கள்? நிறமும் மணமும் காட்டிக்கொடுக்காது. ஒவ்வொரு கூடைக்கும் ஆய்வகத்துக்கு ஓட முடியாது. இடிக்கும்போது பறக்கும் தூசியை எவரும் பேசவில்லை. ஆமணக்கில் ரைசினைத் தவிர ஒவ்வாமை தரும் வேறு புரதமும் உண்டு. அது சூட்டை நன்றாகத் தாங்கும். ஆமணக்கு ஆலைகளில் வேலை செய்தவர்களுக்கு மூச்சிரைப்பு வந்தது பழைய செய்தி. எண்ணெய் ஆலையிலேயே அவித்து, தொகுதிதோறும் சோதித்துத் தரட்டும். அப்போது நானே பரிந்துரைக்கிறேன்.

தீவனக்கலவை:
ஆலைக்காரர் எருவாக விற்றே காசு பார்க்கும்போது கொதிகலனுக்கு ஏன் செலவழிப்பார்? யாராவது தொடங்கினால்தான் சந்தை பிறக்கும்.

ஆத்தூர்ப் பட்டிக்காரன்:
அந்தத் தொடக்கம் என் நாற்பது ஆடுகளாக இருக்க வேண்டாம். வாங்கிய இரண்டு மூட்டையையும் தென்னைக்கே போட்டுவிடுகிறேன்.

கொங்கு மருத்துவர்:
போடுங்கள். ஆனால் மேலாகத் தூவாமல் குழி வெட்டி மண்ணால் நன்றாக மூடுங்கள். அந்த வாசனைக்கு நாய்கள் வந்து தோண்டித் தின்னும். வெறும் சாக்கையும் பட்டிப் பக்கம் உதற வேண்டாம்.