எங்கும் நிற்காத கடல் நாள்: ரெண்டு பேர் நிம்மதியாகக் கழிப்பது எப்படி?

உப்புக்காற்று:
நானும் மனைவியும் அடுத்த மாதம் நாலு இரவு க்ரூஸ் (சொகுசுக் கப்பல் பயணம்) போகிறோம். மூன்றாம் நாள் துறைமுகமே கிடையாது, முழுக்க நடுக்கடல். போட்டி, டான்ஸ் வகுப்பு எதுவும் வேண்டாம். கடலைப் பார்த்து உட்கார வேண்டும், புத்தகம் படிக்க வேண்டும், ராத்திரி நிதானமாகச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். எட்டாவது டெக் (கப்பல் தளம்), இடப்பக்கம், நடுவிலிருந்து சற்றே பின்னால் பால்கனி கேபின். மனைவிக்குப் பஸ்ஸிலேயே தலைசுற்றும். கூட்டத்தில் மாட்டாமல் இருக்க வழி சொல்லுங்கள். ஸ்பா அன்றைக்கே வைத்துக்கொள்ளலாமா?

நங்கூரம்:
துறைமுக நாளில் நீச்சல்குளம் காலியாகக் கிடப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். கடல் நாளில் ஒருத்தரும் இறங்க முடியாது, அத்தனை பேரும் கப்பலுக்குள்தான். குளத்தின் பக்கம் காலை 10 மணி முதல் மாலை 4 வரை தலை காட்டவே வேண்டாம். குளிக்க ஆசை என்றால் 9 மணிக்கு முன்பு, இல்லாவிட்டால் 5 மணிக்கு மேல்.

பஃபேயில் மோசமான நேரம் 12 முதல் 1.30. பல கப்பல்களில் கடல் நாள் மதியம் மெயின் டைனிங் ரூமையும் திறப்பார்கள். பரிமாறுவார்கள், தனிக் கட்டணம் இல்லை, பாதிப் பேருக்கு அது திறந்திருப்பதே தெரியாது. நேரம் முந்தைய நாள் மாலையே ஆப்பிலோ, கேபினில் வைக்கும் நிகழ்ச்சித் தாளிலோ வந்துவிடும்.

சாய்வு நாற்காலிக்குக் காலையிலேயே துண்டு போட்டு இடம் பிடிக்கும் கூட்டம் எல்லாக் கப்பலிலும் உண்டு. ஆளில்லாமல் 30, 40 நிமிடம் கிடந்தால் துண்டை எடுத்துவிடுவோம் என்று போர்டு இருக்கும்.

ஸ்பா வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் கடல் நாளில்தான் விலை உச்சம். தள்ளுபடி எல்லாம் துறைமுக நாளில், மற்றவர்கள் ஊர் சுற்றப் போயிருக்கும்போது. நீராவி அறை, சூடான கல் படுக்கை மாதிரி இடங்களுக்கான பாஸ் பல கப்பல்களில் எண்ணித்தான் விற்பார்கள், ஏறிய அன்றே கேட்டுவிடுங்கள்.

பாய்மரம்:
அந்த 40 நிமிட போர்டை நம்பாதீங்க. ஊழியர் துண்டை எடுத்தால் சண்டை வரும், அதனால் பெரும்பாலும் கண்டும் காணாமல் போயிடுவாங்க. குளத்து டெக்கையே விட்டுடுங்க. கீழே படகுகள் தொங்குற நடைபாதை டெக் இருந்தா அங்கே போங்க. பாட்டுச் சத்தம் இல்லை, நிழல் உண்டு, தண்ணிக்கும் பக்கம்.

உங்க பால்கனிக்கு எப்போ வெயில் வரும்னு இப்பவே கணக்குப் போடலாம். கப்பலின் முன்முனையைப் பார்த்து நின்றால் இடது கைதான் இடப்பக்கம். கப்பல் தெற்கே போனால் அது கிழக்கு: காலையில் வெயில், மதியத்துக்கு மேல் நிழல். வடக்கே போனால் தலைகீழ். மேற்கே போனால் இடப்பக்கம் தெற்கைப் பார்க்கும். கடக ரேகைக்கு வடக்கே இருக்கிற கடல்களில், கோடை தவிர மற்ற மாதங்களில், நாளின் பெரும்பகுதி வெயில் அடிக்கும். பயண வரைபடத்தில் மூன்றாம் நாள் கோடு எந்தப் பக்கம் போகுதுன்னு பாருங்க, போதும்.

அடுத்தது காற்று. 18 நாட் வேகம்னா மணிக்குச் சுமார் 33 கிலோமீட்டர். கடலில் காற்றே இல்லாட்டியும் மேல் டெக்கில் அந்த வேகத்தில் முகத்தில் அடிக்கும். புத்தகத்துக்கு ரெண்டு கிளிப் எடுத்துக்கோங்க. பின்முனை டெக்கில் காற்று கம்மி. ஆனா சில நேரம் புகைக்கூண்டுப் புகை அங்கே வந்து சேரும். காற்று சூட்டைத் தெரியவிடாது, தோல் கருகுறது ராத்திரிதான் தெரியும். சன்ஸ்கிரீனை ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூசணும்.

பால்கனிக் கதவும் கேபின் கதவும் ஒரே நேரத்தில் திறந்திருக்கவே கூடாது. காற்று இழுத்து அறையும், விரல் நசுங்கும். கம்பியில் துண்டு காயப்போட்டால் கடலுக்குத்தான் போகும்.

அலைமானி:
தலைசுற்றல் பற்றி யாரும் சொல்லவில்லை, அதுதான் முக்கியம். முன்னும் பின்னும் தூக்கிப்போடும் ஆட்டம் கப்பலின் நடுவில் குறைவு. பக்கவாட்டு ஆட்டம் மேலே போகப் போக அதிகம். உங்கள் கேபின் மோசமில்லை. ஆட்டம் கூடினால் நடுப்பகுதியில் நாலாவது, ஐந்தாவது டெக்குக்கு இறங்கிவிடுங்கள்.

குமட்டலைத் தடுக்கும் மாத்திரைகளான மெக்லிசின், டைமென்ஹைட்ரினேட் இரண்டில் எதுவானாலும் ஆட்டம் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். வாந்தி ஆரம்பித்த பிறகு விழுங்கினால் மாத்திரையும் வெளியே வந்துவிடும். இரண்டுமே தூக்கம் தரும், இரண்டாவது கூடுதலாக. மதுவோடு சேர்க்கக் கூடாது. க்ளாக்கோமா (கண் அழுத்த நோய்), ப்ராஸ்டேட் தொல்லை, கர்ப்பம் இருந்தால் முதலில் டாக்டர். காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபலமைன் பட்டைக்குச் சில மணி நேரம் முன்னேற்பாடு தேவை. அதைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணைத் தேய்த்தால் கண்மணி விரிந்து பார்வை மங்கும்.

வெறும் வயிறு ஆகாது. உப்பு பிஸ்கட், பச்சை ஆப்பிள், இஞ்சி போதும். உங்கள் திட்டத்தில் சிக்கலான விஷயம் புத்தகம்தான்: கண் அசையாத பக்கத்தைப் பார்க்கும், உள்காது ஆட்டத்தைச் சொல்லும், இரண்டும் ஒத்துப்போகாததால்தான் குமட்டலே. உங்கள் மனைவிக்கு ஒலிப்புத்தகம் கொடுத்துவிட்டுத் தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். குளத்துக்கு வலை போட்டு மூடுகிறார்கள் என்றால் ஆட்டம் கூடப்போகிறது என்று அர்த்தம், மாத்திரைக்கு அதுதான் மணி.

உப்புக்காற்று:
அருமை, நன்றி. ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரெண்டு பேர் மேசை கிடைக்குமா? போன் பற்றியும் ஒரு வார்த்தை.

நங்கூரம்:
கிடைக்கும், ஆனால் ரெண்டு பேர் மேசைகளை ஒரு கை இடைவெளியில்தான் போட்டிருப்பார்கள். பக்கத்து மேசைப் பேச்சு முழுக்கக் காதில் விழும். தனிமை வேண்டுமென்றால் கட்டண உணவகம், அதுவும் ஏறிய அன்றே பதிவு. நன்றாக உடுத்தி வரச்சொல்லும் இரவைப் பெரும்பாலும் கடல் நாளில்தான் வைப்பார்கள். கோட்டு சூட்டு வேண்டாமென்றால் பஃபேயில் யாரும் கேட்கமாட்டார்கள். சூரியன் மறையும் நேரம் பார்த்து, அதற்கு ஒரு மணி நேரம் கழித்து மேசையைப் பதிவு செய்யுங்கள்.

போனைக் கப்பல் கிளம்பும்போதே ஏர்ப்ளேன் மோடில் போடுங்கள். கப்பலுக்கென்று தனி செல் நெட்வொர்க் உண்டு, சாதாரண ரோமிங் பேக்கில் அது பெரும்பாலும் அடங்காது. தானாக நேரம் மாறும் வசதியையும் அணைத்துவிடுங்கள். கப்பல் நேரம்தான் கணக்கு.

பாய்மரம்:
சாப்பிட்டு வந்ததும் பால்கனி விளக்கை அணைச்சு, திரையை இழுத்து மூடிட்டு வெளியே உட்காருங்க. மேல் டெக் போறதா இருந்தா முன்பக்கம். மாலுமிகள் வெளியே பார்க்கணும்னு அங்கே வெளிச்சம் குறைச்சிருப்பாங்க. கண் இருட்டுக்குப் பழக 20 நிமிடம் ஆகும், அதுவரை போன் திரையைப் பார்க்காதீங்க.